அளவுகோலா, செவியா? ஹெட்போன் வரலாற்றில் தீராத வழக்கு

2015 ஆம் ஆண்டு நவம்பரில் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் பின்னர் 'எச்.இ. 1' என்று அறியப்பட்ட ஒரு ஹெட்போனை அறிவித்தது. விலை ஏறத்தாழ 50,000 யூரோ. இத்தாலியின் கராரா சலவைக்கல்லில் அமைந்த பீடம். விசையை அழுத்தியதும் பீடத்திலிருந்து மெல்ல மேலெழும் எட்டு வால்வுகள். 8 ஹேர்ட்ஸ் முதல் 100,000 ஹேர்ட்ஸுக்கு அப்பாலும் ஒலிக்கும் என்று சொல்லும் தொழில்நுட்பக் குறிப்பு. நல்ல செவியுள்ள ஓர் இளைஞனுக்கே 20,000 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை. என்னைப் போல் அறுபதைக் கடந்தவர்களுக்கு அதில் அரைவாசிக்கு மேல் கேட்பதே அருமை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 இல், ஜெரோன் பிறீபார்ட் என்னும் ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு, அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது மீடிறன் துலங்கலை. அதாவது, தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒவ்வொரு மீடிறனையும் (அதிர்வெண்ணையும்) ஒரு கருவி எவ்வளவு வலுவுடன் எழுப்புகின்றது என்பதை. ஹெட்போனின் விலைக்கும் அதன் மீடிறன் துலங்கலுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க தொடர்பு எதையும் அவர் காணவில்லை.

அப்படியாயின் பெரும்பணம் கொடுத்து ஹெட்போன் வாங்குபவர் எதை வாங்குகின்றார்? நல்ல ஒலி எது என்று தீர்மானிக்க வேண்டியது ஆய்வுகூடத்தின் அளவுகருவியா, கேட்பவரின் செவியா? "எனக்குப் பிடித்திருக்கின்றது, அதுவே போதும்" என்பவர்களும் "உங்கள் விருப்பம் வேறு, கருவியின் திறன் வேறு" என்பவர்களும் இன்றும் ஓயாமல் வாதிடுகின்றார்கள். இந்த வழக்கு ஒரு நூற்றாண்டு பழையது. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், இரு தரப்பினரும் ஒரு முக்கியமான உண்மையைத் தவறவிட்டிருப்பது புலப்படும்.

எடிசனின் இருட்டறை

ஹெட்போனுக்கு முன்னர் கிராமபோனில் இருந்து தொடங்க வேண்டும். தொமஸ் அல்வா எடிசன் 1910 களில் 'டயமண்ட் டிஸ்க்' என்னும் இசைத்தட்டு முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் ஒலி மனிதக் குரலிலிருந்து வேறுபடுத்த முடியாதது என்று நிரூபிப்பதற்காக, 1915 முதல் பத்து ஆண்டுகள் வரை அமெரிக்காவெங்கும் 'தொனிச் சோதனை' என்னும் காட்சிகளை அவருடைய நிறுவனம் நடத்தியது. மேடையில் பாடகி ஒருவர் நிற்பார், அருகில் கிராமபோன். இரண்டும் ஒன்றாகப் பாடும். விளக்குகள் அணைக்கப்படும். மீண்டும் எரியும்போது பாடகி மேடையில் இருக்கமாட்டார்; பாட்டு மட்டும் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கும். அவர் எப்போது பாடுவதை நிறுத்தினார் என்று சபையோருக்குத் தெரியாது. 1916 இல் நியூயோர்க்கின் புகழ்பெற்ற கார்னகி மண்டபத்திலும் இக்காட்சி நடந்தது.

இன்று அந்த இசைத்தட்டைக் கேட்கும் எவரும் அது உயிருள்ள குரல் என்று மயங்கமாட்டார். அன்று மயங்கியதற்குக் காரணம் உண்டு. இச்சோதனைகளில் பெரும்பங்கு கொண்ட அன்னா கேஸ் என்னும் பாடகி, கருவியின் ஒலிக்கு இணங்கத் தம் குரலை அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் கூறினார். இயந்திரம் மனிதக் குரலை எட்டவில்லை. மனிதக் குரல் இயந்திரத்தின் அளவுக்கு இறங்கி வந்தது.

இக்கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. டயமண்ட் டிஸ்க்கின் ஒலி, போட்டி நிறுவனமான விக்டரின் இசைத்தட்டுகளைவிடத் தெளிவானது என்பதைப் பழம் இசைத்தட்டுகளை ஆராய்வோர் பலர் ஏற்பர். ஆனால், எந்தப் பாடகரைப் பதிவு செய்வது என்பதை எடிசன் தாமே முடிவு செய்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்காது. பியானோவின் மரத்தைப் பல்லால் கடித்து, எலும்பின் வழியாக ஒலியை உணர்ந்தவர் அவர். குரலில் நடுக்கம் இருந்தால் அவருக்குப் பிடிக்காது. விக்டரிடமோ என்றிக்கோ கருசோ இருந்தார். மக்கள் கருசோவையே வாங்கினார்கள். 1929 இல் எடிசன் நிறுவனம் இசைத்தட்டுத் தொழிலைக் கைவிட்டது. தொழில்நுட்பத்தில் மேலாக இருந்த ஒன்று, மக்களின் விருப்பத்தின் முன் தோற்ற முதற் சம்பவங்களில் இதுவும் ஒன்று.

சமையலறையில் பிறந்த கருவி

ஹெட்போன் இசைக்காகப் பிறந்ததன்று. தொலைபேசி நிலையங்களில் பணியாற்றியோரும் கப்பல்களின் தந்தியாளரும் பயன்படுத்திய கருவி அது. 1910 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் போல்ட்வின் என்பவர், தாம் வடிவமைத்த ஒரு சோடியை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்த கடற்படை மேலும் வேண்டும் என்றது. போல்ட்வின் அவற்றைத் தம் வீட்டுச் சமையலறையில் வைத்தே செய்துகொண்டிருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அப்போது தேவைப்பட்ட தரம் ஒன்றே ஒன்றுதான்: மிக மெல்லிய சமிக்ஞையும் காதில் விழவேண்டும். இனிமை பற்றி எவரும் கேட்கவில்லை.

எமது நாட்டின் வானொலி வரலாறும் அக்காலத்தையே ஒட்டியது. முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் உதிரிப்பாகங்களைக் கொண்டு எட்வேர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. உலகெங்கும் படிக வானொலிகளில் காதுக் கருவியை அழுத்திக்கொண்டு மக்கள் ஒலிபரப்பைக் கேட்ட காலம் அது. ஒலி வந்ததே அதிசயம். அதன் தரத்தை எடைபோட எவருக்கும் தோன்றவில்லை.

இசைக்கு உகந்த ஹெட்போனின் கதை 1937 இல் பேர்லினில் தொடங்குகின்றது. ஒயிகன் பேயர் நிறுவிய நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட 'டி.ரி. 48', இயங்கு சுருள் முறையில் அமைந்த முதலாவது ஹெட்போனாகக் கருதப்படுகின்றது. 1958 இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஜோன் கொஸ், ஸ்டீரியோ இசை கேட்பதற்கான ஹெட்போனை அறிமுகம் செய்தார். 1960 இல் ஜப்பானின் ஸ்டக்ஸ் நிறுவனம், மின்னேற்றம் பெற்ற மெல்லிய படலம் அசைந்து ஒலி எழுப்பும் மின்நிலையியல் வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1968 இல் சென்ஹைசரின் 'எச்.டி. 414' வந்தது. காதை இறுக மூடாமல் மஞ்சள் நிற நுரைப்பஞ்சின் மீது இலேசாக அமர்ந்த அந்தத் திறந்த வகை ஹெட்போன், உலகில் மிக அதிகமாக விற்பனையான ஹெட்போன்களில் ஒன்றாயிற்று.

கருவிகள் பெருகின. அவற்றுள் எது 'சரியானது' என்று சொல்ல ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

எந்தக் காதுக்கு அளப்பது?

ஒலிபெருக்கியை அளப்பது ஒப்பீட்டளவில் எளிது. எதிரொலி இல்லாத அறையில் முன்னால் ஒரு மைக்கை வைத்து, எல்லா மீடிறன்களும் ஒரே வலுவுடன் வருகின்றனவா என்று பார்த்தால் அடிப்படை விளங்கிவிடும். மீதி வேலையைக் கேட்பவரின் காது செய்துகொள்கின்றது. மனிதனின் செவிக்கால்வாய் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளமான, ஒருபுறம் மூடிய குழாய். புல்லாங்குழல் எவ்வாறு குறித்த ஒரு சுரத்தில் ஒத்திசைகின்றதோ, அவ்வாறே இக்குழாயும் சுமார் 3,000 ஹேர்ட்ஸ் அளவில் ஒத்திசைகின்றது. புறச்செவியின் மடிப்புகளும் தலையும் தோளும் தம் பங்குக்கு ஒலியை மாற்றுகின்றன. இவற்றின் விளைவாக, எமக்குத் 'தட்டையாக'த் தோன்றும் ஓர் ஒலி செவிப்பறையை அடையும்போது உண்மையில் தட்டையாக இருப்பதில்லை. 3,000 ஹேர்ட்ஸ் பகுதியில் அது 15 டெசிபெல் வரை உயர்ந்திருக்கும். எமது மூளை பிறந்ததிலிருந்து அதற்குப் பழகிப்போனது.

ஹெட்போன் இந்த இயற்கை வழியின் பெரும்பகுதியைத் தாண்டிக் காதின் வாசலிலேயே ஒலியை எழுப்புகின்றது. ஆகவே, காது சேர்க்க வேண்டியதைக் கருவியே முன்கூட்டிச் சேர்த்துத் தரவேண்டும். செவிப்பறையில் முற்றிலும் தட்டையாக ஒலிக்கும் ஒரு ஹெட்போன், கேட்பவருக்கு மங்கலாகவும் உயிரற்றும் தோன்றும். எவ்வளவு சேர்ப்பது? யாருடைய காதை அளவாகக் கொள்வது? எந்தத் திசையிலிருந்து வரும் ஒலியைப் போலிசெய்வது?

1972 இல் அமெரிக்காவின் நோல்ஸ் நிறுவனம், செவிப்புலன் கருவிகளைச் சோதிப்பதற்காக 'கெமார்' என்னும் பொம்மையை உருவாக்கியது. வயதுவந்த மனிதர்களின் சராசரித் தலை, உடல் அளவுகளைக் கொண்டது அது. காதினுள் மைக் உண்டு. இவ்வகைப் பொம்மைகள் வந்த பின்னர் அளப்பது இலகுவாயிற்று. அளந்ததை எதனுடன் ஒப்பிடுவது என்ற கேள்வி அப்படியே நின்றது. முன்னால் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து எதிரொலியற்ற வெளியில் வரும் ஒலியே அடிப்படை என்றனர் ஒரு சாரார். 1986 இல் மியூனிக் நகரின் ஒலிபரப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த குந்தர் தைலே, எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாகப் பரவிவரும் ஒலியே பொருத்தமான அடிப்படை என்று வாதிட்டார். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990 இல் கலையக ஹெட்போன்களுக்கு இந்தப் 'பரவு ஒலிப்புல' நியமத்தையே பரிந்துரைத்தது.

நியமம் பிறந்தது, ஆனால் வழக்கு முடியவில்லை. அந்த நியமத்துக்கு நெருங்கி அமைந்த ஹெட்போன்களைக் கேட்ட பலருக்கு அவற்றின் ஒலி மெலிந்ததாகவும் கூர்மை மிகுந்ததாகவும் பட்டது. செவிப்புலவியலாளரான மீட் கிலியன் நிறுவிய எற்றிமோட்டிக் நிறுவனத்தின் 'ஈ.ஆர். 4' வரிசையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1990 களில் வெளிவந்த அந்தக் காதுச்செருகிகளில் ஒரு வகை, நியமத்தைக் கூடியவரை துல்லியமாகப் பின்பற்றியது. மற்றொரு வகையில் உயர் மீடிறன்கள் சற்றே தணிக்கப்பட்டிருந்தன. இசைத்தட்டுகளை உருவாக்குவோர் ஒலிபெருக்கியில் கேட்டே அவற்றைச் செப்பனிடுகின்றார்கள் என்பதால், இசை கேட்பவருக்கு இந்தத் தணிப்புத் தேவை என்று கருதப்பட்டது. இசைப் பிரியர்களிடையே பெயர் பெற்றது இந்த இரண்டாவது வகைதான். துல்லியத்தையே கொள்கையாகக் கொண்ட ஒரு நிறுவனம்கூட, கேட்பவரின் செவிக்கு இடம்கொடுக்க வேண்டியிருந்தது.

சஞ்சிகைகளின் போர்

இதே காலகட்டத்தில் ஒலிக்கருவிச் சஞ்சிகைகளிலும் பெரும் போர் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 'ஸ்டீரியோ ரிவியூ' சஞ்சிகையில் எழுதிய ஜூலியன் ஹேர்ஷ், ஆய்வுகூட அளவீடுகளையே ஆதாரமாகக் கொண்டார். நன்கு அளக்கப்பட்ட அம்பிளிபயர்களிடையே செவிக்குப் புலப்படும் வேறுபாடு இராது என்பது அவருடைய நிலைப்பாடு. 1962 இல் கோர்டன் ஹோல்ட் தொடங்கிய 'ஸ்டீரியோபைல்' சஞ்சிகை எதிர்த் திசையில் நடந்தது. கருவியை வீட்டில் வைத்து நாட்கணக்காகக் கேட்டு, கேட்டதை எழுதுவதே விமர்சனம் என்றார் ஹோல்ட். 1973 இல் ஹரி பியர்சனின் 'தி அப்சலூட் சவுண்ட்' அதே வழியில் மேலும் சென்றது. ஒலியின் 'மேடை', 'காற்றோட்டம்', 'இருள்' என்றெல்லாம் ஒரு தனி மொழியே உருவாயிற்று.

ஒரு பத்திரிகையாளனாக இந்தப் போரை நான் சற்று வேறு கண்ணோடு பார்க்கின்றேன். விமர்சனம் எழுதுபவர் கேட்டதை நேர்மையாக எழுதினாலும், அவர் எழுதுவது ஒரு சாட்சியின் வாக்குமூலமே. நேரில் கண்ட பத்துச் சாட்சிகள் பத்துவிதமாகச் சொல்வதைச் செய்தி சேகரித்த எவரும் அறிவர். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுடைய எதிர்பார்ப்பும் அச்சமும் விருப்பமும் கண்டதோடு கலந்துவிடுகின்றன. ஆகையால் வாக்குமூலத்தைத் தூக்கி எறிவதும் தவறு. சோதிக்காமல் அச்சேற்றுவதும் தவறு.

ஒலியின் உலகில் அந்தச் சோதனையைச் செய்தவர்கள் கனடாவில் இருந்தார்கள்.

திரைக்குப் பின்னால்

ஒட்டாவா நகரின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் 1960 களின் நடுப்பகுதியிலிருந்து பணியாற்றியவர் ஃபுளோய்ட் டூல். ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது ஒலிக்கின்றது என்று தெரியாத நிலையில் மக்களைக் கேட்கவைத்து, மதிப்பெண் பெற்றார் அவர். அதே ஒலிபெருக்கிகளைப் பல கோணங்களிலிருந்து அளந்தும் பார்த்தார். பார்வை மறைக்கப்பட்ட நிலையில் மக்களின் தீர்ப்புகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபட்டன, அளவீடுகளோடும் பொருந்தின. 1991 இல் அவர் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குச் சென்றார்.

அங்கு அவரும் ஷோன் ஒலிவும் 1994 இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் திருப்புமுனைகளில் ஒன்று. ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேர், நான்கு ஒலிபெருக்கிகளை முதலில் மறைவாகவும் பின்னர் கண்ணால் பார்த்தும் மதிப்பிட்டார்கள். கண்ணால் பார்த்தபோது பெரியனவும் விலையுயர்ந்தனவும் கூடுதல் புள்ளிகளைப் பெற்றன. மலிவான சிறிய தொகுதி கீழே இறங்கியது. பாட்டை மாற்றினாலும் ஒலிபெருக்கியின் இடத்தை மாற்றினாலும், கண்ணால் பார்த்துக் கேட்டவர்கள் அந்த வேறுபாடுகளைச் சரியாக உணரவில்லை. கண் பார்த்ததையே காது ஒப்புவித்தது. இவர்கள் அத்தொழிலிலேயே இருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஹெட்போனுக்கு இச்சோதனையைச் செய்வது கடினம். அதைத் திரைக்குப் பின்னால் வைக்க முடியாது. தலையில் அணிந்ததும் எடையும் மெத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். 2012 முதல் ஒலிவும் அவருடைய சகாக்களும் இதற்கு வழி கண்டார்கள். முதலில், கேட்பவருக்குப் பின்னால் நின்று வேறொருவர் ஹெட்போனை அணிவித்தார். பின்னர், ஒரே ஹெட்போனின் வழியாகவே வெவ்வேறு ஹெட்போன்களின் மீடிறன் துலங்கலைக் கணினியால் உருவாக்கிக் கேட்கவைத்தார்கள். எடை, தோற்றம், வர்த்தகப் பெயர் எல்லாம் மறைந்தன. ஒலி மட்டும் எஞ்சியது.

நல்ல அறையொன்றில் நல்ல ஒலிபெருக்கி ஒலிக்கும்போது பொம்மையின் செவிப்பறையில் என்ன பதிவாகின்றது என்று அளந்து, அதன் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளை மக்கள் தம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கவைத்து, 'ஹார்மன் இலக்கு வளைகோடு' என்று இன்று அறியப்படும் நியமத்தை அவர்கள் வகுத்தார்கள். கனடா, அமெரிக்கா, ஜேர்மனி, சீனா ஆகிய நான்கு நாடுகளில் 238 பேரிடம் அதைச் சோதித்து, 2014 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜேர்மனியருக்கு ஒரு சுவை, சீனருக்கு ஒரு சுவை என்று விற்பனையாளர்கள் சொல்லிவந்த கதைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. நாடு எதுவாயினும் பெரும்பாலோர் ஏறத்தாழ ஒன்றையே விரும்பினர்.

இங்கேதான் இரு தரப்பினரும் தவறவிட்ட உண்மை இருக்கின்றது. இன்று அளவீட்டுக் கட்சியினர் உயர்த்திப் பிடிக்கும் இந்த வளைகோடு, மக்களின் விருப்பத்தைக் கேட்டறிந்து வரையப்பட்டது. அளவுகோலே சுவையின் சராசரியாகும். சுவைக் கட்சியினர் "என் காது என் உரிமை" என்று சொல்லும்போது, கண்ணை மூடிய நிலையில் அவர்களுடைய காதுகளும் பெரும்பாலும் அயலவரின் காதுகளைப் போலவே தீர்ப்பளிக்கின்றன.

எஞ்சிய முப்பத்தாறு வீதம்

'பெரும்பாலோர்' என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். 2018 இல் இதே குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, கேட்பவர்களை மூன்றாக வகுத்தது. 64 சதவீதத்தினர் இலக்கு வளைகோட்டையே விரும்பினர். 15 சதவீதத்தினர் அதைவிடக் கூடுதலான தாழ்தொனியை விரும்பினர். 21 சதவீதத்தினர் அதைவிடக் குறைவாக வேண்டும் என்றனர். குறைவாக வேண்டும் என்றவர்களிடையே பெண்களும் 50 வயதைக் கடந்தவர்களும் ஒப்பீட்டளவில் அதிகம்.

மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பெரும்பான்மையுடன் உடன்படவில்லை. அவர்களுடைய காதில் பிழை என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? பெரும்பான்மை வாக்கினால் மட்டும் நீதி நிலைநாட்டப்பட்டுவிடாது என்பதை எமது நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வை நடத்திய நிறுவனம் ஹெட்போன்களை விற்கும் நிறுவனம் என்பதையும், 2017 இல் அதை சாம்சங் வாங்கியது என்பதையும் வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். எனினும், அந்த ஆய்வாளர்கள் தம் முறைகளையும் முடிவுகளையும் பகிரங்கமாக வெளியிட்டார்கள். மற்ற நிறுவனங்களில் பல தம் சோதனைகளை வெளியே சொல்வதே இல்லை.

சந்தையும் இந்தப் பிரிவினையை அறிந்தே இயங்கியது. 2008 இல் வெளிவந்த பீற்ஸ் ஹெட்போன்கள் தாழ்தொனியை வெகுவாகக் கூட்டின. விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள், இளைஞர்கள் வாங்கினார்கள், 2014 இல் ஆப்பிள் அந்நிறுவனத்தை 300 கோடி டொலருக்கு வாங்கியது. மறுபுறம், நியூயோர்க்கின் புரூக்ளினில் முன்னர் குடும்பத்தின் பழக்கடையாக இருந்த கட்டடத்தில் இயங்கிய கிராடோ நிறுவனம், எந்த நியமத்தையும் பொருட்படுத்தாமல் கூர்மையும் துடிப்பும் மிக்க ஒலியைத் தந்து பல்லாண்டுகளாகத் தன் இரசிகர்களைத் தக்கவைத்துக்கொண்டது. அதன் நிறுவனர் ஜோசப் கிராடோ ஓர் ஒப்பெரா பாடகர்.

சென்ஹைசரின் 'எச்.டி. 800' கதையும் சொல்லத்தக்கது. 2009 இல் வெளிவந்தபோது அது தொழில்நுட்பச் சாதனை என்று போற்றப்பட்டது. வளைய வடிவிலான அதன் ஒலியெழுப்பி, காதுக்கு எட்ட நின்று சாய்வாக ஒலித்ததால், இசை தலைக்கு வெளியே விரிவது போன்ற உணர்வைத் தந்தது. ஆனால் 6,000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு கூர்முனை இருந்தது. சிலர் அதையே 'நுணுக்கம்' என்று கொண்டாடினார்கள். வேறு பலருக்குக் காது கூசியது. சிலர் தாமே உள்ளே ஒரு சிறு துண்டை ஒட்டி அதைத் தணித்தார்கள். சில ஆண்டுகளில் நிறுவனமே ஓர் ஒலியுறிஞ்சியைப் பொருத்தி, 'எச்.டி. 800 எஸ்' என்ற திருத்திய வடிவத்தை வெளியிட்டது. 'தொழில்நுட்பத் திறன்' என்று புகழப்படுவதில் ஒரு பகுதி, ஏதோ ஒரு மீடிறன் சற்றே தூக்கலாக இருப்பதன் விளைவாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அப்படியென்றால் திறன் என்று ஒன்று இல்லையா? உண்டு. இடப்புறமும் வலப்புறமும் ஒத்திருப்பது, உரத்து ஒலிக்கும்போது பிசிறாமல் இருப்பது, ஒவ்வொரு தலையிலும் ஒரேவிதமாகப் பொருந்துவது, ஆண்டுகள் கடந்தும் மாறாமல் உழைப்பது ஆகியவை திறன்கள். அவற்றை அளக்கலாம், ஒருவருடைய விருப்பத்தைப் பொறுத்து அவை மாறுவதில்லை. ஆனால் உயர் மீடிறன்களில் ஒவ்வொருவரின் புறச்செவியும் கைரேகையைப் போல் வேறுபடுவதால், ஒரே ஹெட்போன் உங்கள் காதில் ஒலிப்பதும் என் காதில் ஒலிப்பதும் பௌதிக ரீதியாகவே ஒன்றாக இராது. பொம்மையின் காதில் எடுத்த அளவீடு, உங்கள் காதுக்கு ஓர் அண்ணளவான வழிகாட்டி மாத்திரமே.

நானும் என் காதும்

பல்லாண்டுகள் நேர்காணல்களின் ஒலிநாடாக்களைக் காதில் மாட்டிக்கொண்டு எழுத்தில் வடித்தவன் நான். அத்தொழிலுக்கு வேண்டியது பேச்சின் மெய்யெழுத்துகள் பிரிந்து கேட்பது. இனிமை அங்கே இடையூறு. இசைக்கு வந்தால் என் விருப்பம் முற்றிலும் வேறு. வால்வு வானொலிப் பெட்டியில் பாட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறையினன் ஆதலால், மேற்பகுதி தணிந்து நடுப்பகுதி தடித்த ஒலியே எனக்கு 'இசை'யாகத் தோன்றுகின்றது. அந்த ஒலி சரியானது என்று நான் வாதிடமாட்டேன். மரப்பெட்டியும் பழைய ஒலிபெருக்கியும் சேர்ந்து செய்த நிறம் அது என்பதை அறிவேன். ஆயினும் அது என்னுடையது.

நல்லூர்த் திருவிழாவில் தவிலுக்குப் பத்தடி தூரத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், எந்த விலையுள்ள ஹெட்போனும் அந்த அடியை நெஞ்சில் இறக்காது என்று. உடல் முழுவதும் வாங்கிய அதிர்வை இரண்டு சிறு படலங்கள் காதில் மட்டும் தருகின்றன. தாழ்தொனியைச் சற்றுக் கூட்டிக் கேட்க மனிதர்கள் விரும்புவதற்கு அந்த இழப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அளவுகோல் இப்போது பொம்மையை விட்டுத் தனிமனிதனின் காதை நோக்கி நகர்கின்றது. 2022 இல் சென்ஹைசரின் நுகர்வோர் பிரிவு, சுவிற்சர்லாந்தின் செவிப்புலன் கருவி நிறுவனமான சோனோவாவிடம் கைமாறியது. 2024 இல் ஆப்பிளின் காதுச்செருகிகளைச் செவிப்புலன் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அவரவர் செவியின் குறையை அளந்து, அதற்கேற்ப ஒலியைச் சீர்செய்வது வீட்டிலேயே சாத்தியமாகியுள்ளது. முதுமையில் உயர்ந்த ஒலிகளை இழந்த ஒருவருக்கு, 50,000 யூரோவின் சலவைக்கல்லைவிட இது பெரிய பேறு.

பத்திரிகையில் செய்தியையும் கருத்தையும் வெவ்வேறு பக்கங்களில் வைக்கப் பழகியவன் என்ற முறையில், ஹெட்போன் வாங்க எண்ணும் வாசகருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அளவீட்டைச் செய்தியாகப் படியுங்கள். எந்த நியமத்தோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். விமர்சனத்தைக் கருத்தாகப் படியுங்கள். எழுதியவர் விலையை அறிந்த பின் கேட்டாரா என்று கேளுங்கள். பின்னர், உங்களுக்கு நெடுங்காலம் பழக்கமான ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடி, வேறொருவர் மாற்றி மாற்றி அணிவிக்க, இரண்டு மூன்று ஹெட்போன்களைக் கேட்டுப்பாருங்கள். எதைக் கழற்ற மனம் வரவில்லையோ அதை வாங்குங்கள். அது மலிவானதாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம்.